டாக்டரின் கல்லில் ஒரு வரி

நாங்கள் குடியிருக்கும் பர் துபாய்க் கட்டடத்தில் எந்த வீட்டு வாசலிலும் பெயர் கிடையாது. எண் மட்டும்தான். எதிர்வீட்டில் பல வருடங்களாக இருப்பவரை இன்றைக்கும் நான் நானூற்று மூன்றுக்காரர் என்றுதான் குறிப்பிடுகிறேன். அவரும் என்னை ஏதோ ஓர் எண்ணாகத்தான் நினைவில் வைத்திருப்பார். ஊரில் இதற்கு நேர்மாறு. எங்கள் காயல்பட்டணத்தில் துபாய்க்காரரும் ஜித்தாக்காரரும் கட்டிய வீடுகளின் முகப்பில் கறுப்புக் கிரானைட்டில் பொன்னெழுத்துப் பெயர் மின்னும். உள்ளே பாதி வீடுகளில் ஆள் இருக்காது. பெயர் அங்கே, ஆள் இங்கே. பெயரில்லாமல் இருப்பதற்கு நாம் வெகு சீக்கிரம் பழகிவிடுகிறோம். அதனால்தான், ஓமானில் ஓர் ஊர் நம் ஆள் ஒருவரின் பெயரைக் கல்லில் வெட்டி நடப்போகிறது என்று போன குளிர்காலத்தில் ஒரு பெண் போனில் சொன்னபோது எனக்கு உடனே விளங்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ஷம்ஸா. சோஹாரிலிருந்து மலைப்பக்கமாக உள்ளே போனால் வரும் ஒரு சிறிய ஊரின் நகராட்சியில் பொறியாளர். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் கல் பள்ளத்தாக்கை அரபியில் வாதி என்பார்கள். அந்த ஊருக்கென்று சொந்தப் பெயர் உண்டு என்றாலும் அங்கே பிழைக்கப் போன தமிழர்களுக்கு அது வெறும் வாதிதான். அங்கே இருந்த முதல் ஆஸ்பத்திரியின் முதல் டாக்டருக்கு நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். டாக்டர் சங்கரலிங்கம். அவர் இறந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இப்போது அந்தப் பழைய ஆஸ்பத்திரியின் முன்னால் அவருக்கு ஒரு நினைவுக்கல் வைக்கிறார்கள். வாசகம் எழுத ஷம்ஸாவுக்கு விவரம் வேண்டியிருந்தது.

“அபூ யூசுஃப், டாக்டர் பேருக்குப் பின்னால என்ன போடணும்?” என்று கேட்டாள். என் மகன் யூசுஃபின் பெயரை வைத்து அங்கே என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் பேசியது அரபியில்.

“பின்னாலன்னா?”

“அவர் எந்தக் கூட்டம்? எங்க ஆளுங்க பேர்ல எல்லாம் கடைசியா வருமே.”

“அவருக்கு அது கிடையாது.”

“அது எப்படிக் கிடையாம இருக்கும்? எல்லாருக்கும் உண்டே!”

“வேண்டாம்னு விட்டுட்டார், மகளே.”

பிறகு இரக்கத்தோடு கேட்டாள்: “பாவம், அப்ப அவருக்கு யாருமே இல்லையா?”

அவள் கேட்டது குலப்பெயரை, சாதியைக் கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் அநாதை என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டும் தவறுதான், இரண்டிலும் கொஞ்சம் உண்மையும் இருந்தது. மறுநாள் அவளே கூப்பிட்டாள். அவளுடைய தகப்பனார் சயீத் ஒரு முடிவு சொல்லிவிட்டாராம்: நம் ஊர்க்காரர்கள் வாதியின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்வதுபோல டாக்டர் பெயரோடும் சேர்த்துவிடு.

“அவர் எங்கே அடங்கியிருக்கார்? அதையும் ஒரு வரி போடணும்” என்றாள் கடைசியாக.

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அரபு இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு ஊரில் வேலையில்லாமல் இருந்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் ஓமானுக்கு வந்தேன். சோஹார் தாண்டி அப்போது தார்ச்சாலை கிடையாது. காய்ந்த ஆற்றுப் படுகைதான் ரோடு. ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினால், ஆஸ்பத்திரி என்று பேரீச்சம்பழம் சேமித்துவைத்திருந்த பழைய கிடங்கு ஒன்றைக் காட்டினார்கள். இரண்டு அறைகள். தரையில் பழப்பாகு ஊறிப்போய்க் கால் வைத்தால் செருப்பு ஒட்டும். எத்தனை கழுவினாலும் எறும்பு போகாது. ஒல்லியான ஒரு மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்துக்கொண்டிருந்தார். தச்சன் என்று நினைத்து, டாக்டர் எங்கே என்று கேட்டேன்.

“எந்த ஊருவே?” என்றார்.

“காயல்பட்டணம்.”

“அட, நம்ம ஆளு! நமக்கு அதே ஆத்துல மேல்பக்கம். நாங்க குளிச்ச தண்ணியத்தான் நீங்க குடிச்சீங்க. அந்தச் சுத்தியலை எடும்.”

அவர்தான் டாக்டர். பல வருடங்கள் அந்த மனிதருடைய நாக்காக இருந்தேன். அவருக்கு அரபி கடைசிவரை வரவில்லை. எங்கே வலிக்கிறது, எத்தனை நாள், சாப்பிட்டாயா என்ற அளவோடு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் என் வழியாகத்தான் போகவேண்டும். பெண்கள் வரும்போது திரைக்கு வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டி நான் நிற்பேன். உள்ளே அந்தப் பெண்ணும் அவளுடைய தாயோ மாமியாரோ டாக்டரும் இருப்பார்கள். அவள் அரபியில் சொல்வதைச் சுவரிடம் தமிழில் சொல்வேன். அவர் தமிழில் கேட்பதைச் சுவரிடம் அரபியில் கேட்பேன். தங்கள் கணவரிடம்கூடச் சொல்லாத வேதனைகளை அந்தப் பெண்கள் என் முதுகிடம் சொன்னார்கள். நான் ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை. டாக்டர் அதில் கண்டிப்பானவர். “உமக்கு நல்லதுன்னு படுறதைச் சொல்லாதேயும். அவ சொன்னதை மட்டும் சொல்லும்” என்பார். அவர் உயிரோடு இருந்தவரை அந்தக் கட்டளையை நான் மீறியதே இல்லை.

தேள்கடி, கண்நோய், பிரசவம், மஞ்சள்காமாலைக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்ட புண்கள். இரும்பு வைத்த கிழவிகளை அவர் திட்டமாட்டார். தழும்பைப் பார்த்துவிட்டு, “கைத்தொழில் தெரிஞ்ச பொம்பளைதான்வே, கோடு நேரா இருக்கு” என்று என்னிடம் தமிழில் சொல்வார். அதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவார். ஒருமுறை வாதியில் வெள்ளம் வந்தபோது அக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. அவள் கணவன் சயீத் டிராக்டர் ஓட்டுபவர். பட்டப்பகலில் செந்தண்ணீர் இடுப்பளவு போய்க்கொண்டிருந்தது. சயீத் டிராக்டரை இறக்கினார். டாக்டர் மட்கார்டில் உட்கார்ந்து ஒரு கையால் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார். பின்னால் நான், குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டு. “சத்தமா ஓதும், எனக்கும் சேத்து” என்றார். அன்றைக்குப் பிறந்தவள்தான் ஷம்ஸா. தண்ணீர் வடியும்வரை அக்கரையிலேயே மாட்டிக்கொண்டோம். டாக்டர் சைவச் சாப்பாட்டுக்காரர். அவர்கள் வீட்டில் காய்ந்த சுறாவைத் தவிர வேறு குழம்பு இல்லை. ரொட்டியும் பேரீச்சம்பழமும் தின்று நாளை ஓட்டினார். ஊரைவிட்டு அவ்வளவு தூரத்தில், அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் இருந்து நான் பார்த்ததில்லை.

அவர் ஏன் ஊருக்குப் போவதில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. ஓமானுக்கு வருமுன்பே, உடன் வேலைசெய்த கிறிஸ்தவ நர்ஸ் ஒருவரை, எங்கள் பக்கம் வேதக்காரப் பெண் என்பார்கள், அவர் கல்யாணம் செய்துகொண்டார். அண்ணன் வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். தெருவுக்குள் வரக்கூடாது என்று ஊரும் சொல்லிவிட்டது. மனைவி மகன் அரவிந்தோடு சென்னையில் இருந்தார். ஒருமுறை வாதிக்கு வந்து பார்த்தார், பிள்ளையின் படிப்புக்கு இங்கே வழியில்லை என்று திரும்பிவிட்டார். பிறகு அவரும் நோயில் போனார். பையன் சித்தி வீட்டில் வளர்ந்தான். டாக்டர் பணமும் பொம்மையும் அனுப்புவார், பண்டிகைக்குப் போன் பேசுவார். நல்ல தகப்பன் என்று அவரைச் சொல்லமாட்டேன். அவரும் சொல்லிக்கொண்டதில்லை.

இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். வளைகுடாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், எந்த ஊர்ச் சங்கத்திலும் ஒரு ஆள் இருப்பார். சைட்டிலோ கேம்ப்பிலோ யாராவது செத்துப்போனால் முதல் போன் அவருக்குத்தான் வரும். வேலைக்கு வைத்த கஃபீலிடம் கையெழுத்து, போலீஸ் காகிதம், தூதரகம், பதப்படுத்துதல், கார்கோ என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் பக்கத்தில் அந்த ஆள் நான். மதம், ஜாதி, மாவட்டம் பார்த்ததில்லை. கிணற்றில் விழுந்தவர், மாரடைப்பில் போனவர், தூக்குப் போட்டுக்கொண்டவர், எல்லாரையும் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பினேன். ‘பாய் இருந்தால் அநாதையாக விடமாட்டார்’ என்று எங்கள் ஆட்கள் பேசுவது என் காதுக்கு வரும். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அப்போது நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரே ஒருவரை மட்டும் அனுப்ப முடியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தொழிலாளி. வீட்டார் அங்கேயே முடித்துவிடச் சம்மதம் கொடுத்தார்கள். சோஹாரில் கடலை ஒட்டி இந்துக்களுக்கு ஒரு சுடுகாடு உண்டு. டாக்டரும் நானும் போய் நின்றோம். திரும்பும்போது எனக்கு மனசே சரியில்லை, தோற்றுவிட்டதுபோல் இருந்தது. டாக்டர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஓய் மரைக்காரே, நல்ல இடம்லா? காத்து வருது.”

“என்ன டாக்டர், இப்படிச் சொல்றீங்கோ!”

“எனக்கும் இங்கனயே முடிச்சிரும். பெட்டிக்குள்ள போட்டு அனுப்பிராதேயும். எங்க அண்ணன் பெட்டியத் திருப்பி அனுப்பிருவான், ரிட்டர்ன் கார்கோ உம்ம தலையிலதான்.” சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டு திரும்பி என்னைப் பார்த்தார். “வேடிக்கைக்குச் சொல்லலவே. சாம்பலைக் கொண்டாந்து வாதியில விட்டிரும். மழை வந்தா போகும், வராட்டா கெடக்கும். ஞாபகம் வச்சுக்கிடும்.”

ஞாபகம் வைத்துக்கொண்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு நாள் நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சாய்ந்து கிடந்தார். சோஹார் போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது. சென்னைக்கு நான்தான் போன் செய்தேன். அரவிந்துக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயது. அழவில்லை. அப்பாவை அதிகம் தெரியாத பிள்ளைக்கு வரும் ஒரு திகைப்பு மட்டும் குரலில் இருந்தது.

“அங்கிள், எனக்கு எதுவும் தெரியல. அப்பா உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா? என்ன சொன்னாரோ அதையே செஞ்சிடுவோம்.”

நான் பேசிக்கொண்டிருந்த அறையில் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்வலமாக ஏர்போர்ட்வரை போவது பற்றி ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். “பாய், கூலிக்காரனை எல்லாம் அனுப்பிட்டு டாக்டரை இங்க விட்டா நல்லாவா இருக்கும்?” என்று ஒருவர் சற்றுமுன்தான் சொல்லியிருந்தார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: “பிறந்த ஊருக்குக் கொண்டுபோகணும்னுதான் சொன்னார், தம்பி. அண்ணன் தம்பி இருக்கிற இடத்துக்கு.”

ஏன் சொன்னேன்? என்னைக் கேட்டுக் கேட்டு நான் கண்டுபிடித்த காரணங்கள் இவை. டாக்டரை அந்நிய நாட்டில் எரித்துவிட்டான் ஒரு துலுக்கன் என்று நாளைக்கு எவனாவது பேசிவிடுவானோ என்று பயந்தேன். நான் அனுப்பாமல் விட்ட ஆள் என்று இரண்டாவதாக ஒருவர் இருக்கக்கூடாது என்றும் நினைத்தேன். இவற்றுக்கெல்லாம் அடியில், மனிதன் என்ன சொன்னாலும் செத்தால் ஊர்தான் என்ற எண்ணம் எனக்குள் ஊறிக்கிடந்தது. அவரைத் தெருவுக்குள் விடாத ஊர் என்று தெரிந்திருந்தும். பிணத்தைப் பார்த்தால் அண்ணன் மனம் இளகிவிடும், அவர்களைச் சேர்த்துவைத்த புண்ணியம் எனக்குக் கிடைக்கும் என்றுகூட ஒரு கணக்கு ஓடியது. வாழ்நாள் முழுக்க ஒரு சொல்லையும் மாற்றாத மொழிபெயர்ப்பாளன், அவர் பேச முடியாத நாளில் அவருடைய சொல்லை மாற்றினேன்.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் வாதிக்காரர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். சயீத் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க முறைப்படி சோஹார்லயே செய்ங்க. ஊரே வந்து நிக்கிறோம். எங்க டாக்டரை விமானத்துல ஏத்தாதீங்க” என்றார். நான், “அவர் மார்க்கத்தில் பிறந்த ஊருக்குப் போயே ஆகணும்” என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு விதி எந்த மார்க்கத்திலும் இல்லை. சயீத் கையை விட்டார். நெஞ்சில் கைவைத்து, “மார்க்கம்னா அதுக்கு மேல பேச்சில்ல” என்றார்.

ஊரில் என்ன நடந்தது என்பதை அரவிந்த் பின்னால் போனில் சொன்னான். திருவனந்தபுரத்தில் பெட்டியை வாங்கி ஆம்புலன்ஸில் வைத்து ஊருக்குப் போயிருக்கிறான். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் அழும் சத்தம் மட்டும் கேட்டதாம். அந்தத் தெருக்காரர்களின் சுடுகாட்டுக்கும் விடவில்லை. வெயிலில் ஆம்புலன்ஸுக்குள் தகப்பனோடு உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், முன்பின் தெரியாத இரண்டு ஆட்களையும் டிரைவரையும் வைத்துக்கொண்டு முடித்திருக்கிறான். முதல்முறையாக அவன் தன் தகப்பனின் ஊரைப் பார்த்தது அப்படித்தான்.

“அங்கிள், அவங்க எப்படிப்பட்டவங்கன்னு அப்பாவுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் எதுக்கு அங்க போகணும்னு கேட்டார்? என்னை அந்தத் தெருவுல நிக்க வைக்கிறதுக்கா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “பெரியவங்க மனசு நமக்குத் தெரியாது, தம்பி” என்றேன்.

பிறகு வாதியில் என்னால் இருக்க முடியவில்லை. யூசுஃபுக்குத் துபாயில் வேலை கிடைத்ததும் இங்கே வந்துவிட்டேன். இப்போது மகனுடைய ஸ்பான்ஸரில் இருக்கும் கிழவன். பேரப்பிள்ளைகள் என்னிடம் இங்கிலீஷில் பேசுகிறார்கள், நான் தமிழில் பதில் சொல்கிறேன். இருவருக்கும் பாதி புரிகிறது. பழையது பழையதாகக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். ஷம்ஸா வாட்ஸாப்பில் கல்லின் படத்தை அனுப்பினாள். வாதி மலையின் செம்பழுப்புக் கல். மேலே அரபி, கீழே இங்கிலீஷ். இந்த ஊருக்கு வந்த முதல் மருத்துவர், எங்கள் தாய்மாரின் கைபிடித்தவர், எங்களுள் ஒருவர் என்று அழகாக வெட்டியிருந்தார்கள். கடைசி வரி: தம் விருப்பப்படியே பிறந்த மண்ணில், தம் உறவினர் நடுவே ஓய்வெடுக்கிறார்.

அது நான் சொன்ன வரி. ஷம்ஸா கேட்டபோது, தயங்காமல், நல்ல அரபியில் சொன்ன வரி. அதுவரை என் பொய்யைப் பழைய பொய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்த வயதில், தொழுகைப் பாயில் உட்கார்ந்துகொண்டே அதைத் திரும்பவும் சொல்லியிருக்கிறேன் என்று.

அரவிந்துக்குப் போன் செய்து விழாவுக்குக் கூப்பிட்டேன். படத்தை அவனுக்கும் அனுப்பியிருந்தார்கள்.

“நான் வரல அங்கிள். கடைசி வரியைப் படிச்சேன். அந்த விருப்பத்தை நிறைவேத்தினவன் நான்தான். ஊருக்கே நல்லவர், சாகும்போதுகூட எங்களை நினைக்கல. கல்லு வைக்கட்டும், சந்தோஷம்.”

வைத்துவிடப் போனான். “வைக்காதே” என்றேன். அப்புறம் சொன்னேன். காரில் அவர் சொன்னது, ரிட்டர்ன் கார்கோ வேடிக்கை, சாம்பலை வாதியில் விடச் சொன்னது, அறையில் உட்கார்ந்திருந்த ஆட்கள், எல்லாம். எங்கும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அழகுபடுத்திவிடுவேன் என்று பயம்.

அவனுக்குப் பின்னால் சென்னை டிராஃபிக் கேட்டுக்கொண்டிருந்தது.

“இத்தனை வருஷமா நான் அவருக்குத் திதி கொடுக்கல” என்றான். “அந்தத் தெருவை நினைச்சுத்தான் கொடுக்கல. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

“சொல்லாமலே செத்திருக்கலாம் நீங்க.” இதைக் கோபமாகச் சொன்னான் என்று எழுத முடியவில்லை. களைப்பாகச் சொன்னான். கொஞ்சம் கழித்து, “அந்த வரியை எடுக்கச் சொல்லுங்க. போன்ல வேண்டாம். நேர்ல போய்ச் சொல்லுங்க” என்றான். வைத்துவிட்டான். அதற்குப் பிறகு என் போனை அவன் எடுக்கவில்லை.

விழாவுக்கு முதல்நாள் யூசுஃப் என்னை வாதிக்கு அழைத்துப்போனான். இப்போது நாலுவழிச் சாலை. ஆற்றுப்படுகையின் மேல் பாலம். சயீத் வீட்டு மஜ்லிஸில், விருந்தினரை உட்காரவைக்கும் முன்னறையில், பாயில் உட்கார்ந்தோம். சயீத் என்னைவிடவும் தளர்ந்திருந்தார். முறைப்படி அவரே கூஜாவிலிருந்து கஹ்வா காப்பி ஊற்றிக் கொடுத்தார். போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் ஆட்டவில்லை. மூன்றாவது கோப்பையின்போது சொல்ல ஆரம்பித்தேன். யூசுஃபுக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும்.

சயீத் கூஜாவைக் கீழே வைத்தார். திரும்ப எடுக்கவில்லை. ஷம்ஸா எழுந்துவந்து தகப்பனுக்குப் பதிலாக எனக்கு ஊற்றினாள்.

“நாங்க அன்னைக்கே கேட்டோம்” என்றார் சயீத்.

“கேட்டீங்க.”

“உன் ஆசைன்னு சொல்லியிருந்தா உன்கூடச் சண்டை போட்டிருப்பேன். டிராக்டரைக் கொண்டுபோய் ஆம்புலன்ஸுக்கு முன்னால நிறுத்தியிருப்பேன். நீ மார்க்கம்னே. ஒரு முஸ்லிம், என் கண்ணைப் பார்த்து மார்க்கம்னே.” கண்ணைத் துடைத்துக்கொண்டு யூசுஃபைப் பார்த்துப் பேசினார், என்னைப் பார்க்கவில்லை. “எங்க வாப்பாவுக்குக்கூடப் பேர் வெட்டின கல்லு கிடையாது, மகனே. எங்க ஊர்ல யாருக்கும் கிடையாது. படுத்திருக்கிற இடம் தெரியும், போய் சலாம் சொல்வோம், போதும். டாக்டருக்கு அப்படிச் சொல்ல இடம் இல்லாமப் போச்சு. அதனாலதான் கல்லு.”

ஷம்ஸா யாருக்கோ போன் செய்தாள். ஒரு மணி நேரத்துக்குள் வங்காளத் தொழிலாளி ஒருவர் கிரைண்டரோடு வந்து நின்றார். கல் அதற்குள் நட்டாகியிருந்தது, மேலே துணி மூடியிருந்தது. துணியைத் தூக்கிக் கடைசி வரியைக் காட்டினேன். “பூரா லைன், சாச்சா?” என்று இந்தியில் கேட்டார். “பூரா” என்றேன். கல் தூள் பறந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றவில்லை. அரபியில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. முடித்ததும் வழவழப்பான கல்லில் அந்த இரண்டு இடங்களும் சொரசொரப்பாக, வெளிறி, பள்ளமாக இருந்தன. வேறு ஏதாவது எழுதலாமா என்று ஷம்ஸா கேட்டாள். சயீத் வேண்டாம் என்று தலையசைத்தார்.

மறுநாள் காலையில் அதிகாரிகள் வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள், துணியை இழுத்தார்கள். டாக்டர் பிரசவம் பார்த்த கிழவிகள் வரிசையாக வந்து பெயரைத் தொட்டுப் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, விரலை மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே போய், சொரசொரப்பான இடத்தில் நிறுத்தி, இது என்ன என்று கேட்டாள். “தப்பா எழுதிட்டாங்க பாட்டி” என்றாள் ஷம்ஸா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதை எனக்குச் செய்த மரியாதையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. படம் எடுத்து அரவிந்துக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று நீலக்குறி வந்தது. பதில் வரவில்லை.

கிளம்பும்போது சயீத் கார்வரை வந்தார். கை கொடுத்தார். அன்று பிணவறை வாசலில் விட்ட கையை இப்போது விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நீ இங்க வந்து செத்தா இங்கயே புதைச்சிருவோம். உன்னைக் கேக்கமாட்டோம்.” அது மன்னிப்பா, தண்டனையா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் இரண்டும் இல்லை.

ஹத்தா வழியாகத் திரும்பினோம். ஓமான் எல்லைச் சாவடியில் வெளியேறும் முத்திரையைக் குத்திவிட்டார்கள். அமீரகச் சாவடி இன்னும் சில மைல் தள்ளி இருக்கிறது. நடுவில் மலைகளுக்கு இடையே சாலை மட்டும் போகிறது. யூசுஃப் அங்கே வந்ததும் கேட்டான்.

“வாப்பா, உங்களுக்கு எங்க?”

“என்னது?”

“தெரியும் உங்களுக்கு. ஊர்ல உம்மா பக்கத்துலயா, இங்கயா? இப்பவே சொல்லிடுங்க. நீங்க சொல்றதை அப்படியே செய்றேன். ஒரு வார்த்தை மாத்தமாட்டேன்.”

நல்ல பிள்ளை. அந்தக் கடைசி வாக்கியத்தைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நான் யோசித்தேன். காயல்பட்டணத்தில் அவன் உம்மா படுத்திருக்கும் மையவாடி, அங்கே இப்போது எனக்கு சலாம் சொல்ல யார் இருக்கிறார்கள்? துபாயில் புதைத்தால் பேரப்பிள்ளைகள் வேறு நாட்டுக்குப் போகும்வரை வருவார்கள். டாக்டருக்கு ஒரு விருப்பம் இருந்தது, அதைத் தெளிவாகச் சொல்லிவைத்தார், நான் எடுத்துக்கொண்டேன். என்னிடம் கேட்பதற்கு ஆள் இருக்கிறது, சொன்னதைச் செய்யவும் ஆள் இருக்கிறது, சொல்வதற்கு எனக்குள் ஓர் இடம் இல்லை. என் மடியில் இருந்த போன் இரண்டு முறை அதிர்ந்தது. ஓமானுக்கு நல்வரவு என்று ஒரு செய்தி, அமீரகத்துக்கு நல்வரவு என்று ஒரு செய்தி. மலைமேல் செல்போன் கோபுரம் எது கிட்டத்தில் இருக்கிறதோ அது அனுப்புகிறது.

“கொஞ்சம் நிறுத்து, யூசுஃப். யோசிச்சுச் சொல்றேன்.”

அவன் வேகத்தைக் குறைத்துப் பின்னால் பார்த்தான், முன்னால் பார்த்தான்.

“இங்க நிறுத்த விடமாட்டாங்க வாப்பா” என்றான்.